ரெண்டுக்கும் இடையில

கவ்வாத்து வெட்டிய மலையில்தான்
வானம் முழுசாகக் கிடைக்கும்.
இடுப்பளவு செடிகள் முழங்காலுக்கு இறங்கி
வெறும் குச்சிகளாய் நிற்கிற மார்ச் மாதம்.
மஸ்கெலியாவுக்கு மேலே, நாலாம் நம்பர் மலை.
வாட்டக்கூடத்துக் காற்றாடிகளைப்
பதினொரு மணிக்கு மற்றவனிடம் ஒப்படைத்துவிட்டு
பிவிசி குழாயைத் தோளில் சாய்த்து ஏறுவேன்.
அதன் அடியில் ஆறங்குலக் கண்ணாடி.
மூன்று மாதச் சம்பளம், வீட்டில் ஒரு பொய், கொழும்புக்கு ஒரு பஸ்.

சிவனொளிபாதத்துக்கு ஏறும் விளக்கு வரிசைக்கு
முதுகைக் காட்டி உட்கார வேண்டும்.
கண் இருட்டுக்குப் பழக அரைமணி.

தேடுவது ஒரு மங்கல்.
அதற்குப் பேர் இல்லை, பட்டியலில் ஓர் எண்.
எங்கள் லயத்துக்கும் எண்தான்.
எங்களுக்குப் பேர் உண்டு;
கொழுந்து நிறை குறைந்தால் அரைப்பேர்.

வில்லை வடிவம் என்கிறது புத்தகம்.
சுருள் கைகள் இல்லை.
புதிதாய் விண்மீன் பிறக்க வேண்டிய வாயுவை
எப்போதோ செலவழித்துவிட்டு
இருக்கிற பழைய வெளிச்சத்தில் காலம் தள்ளுகிறது.
ஒட்டினாற்போல் இன்னொன்று, சின்னது.

நேராகப் பார்த்தால் மறைந்துவிடும்.
சற்றே விலகி, ஓரக்கண்ணால்,
பார்க்காதது போலப் பார்க்க வேண்டும்.
அதில் எனக்கு ஏழு வருஷப் பழக்கம்.

சிகாமணியின் காம்பராவுக்கும் எங்கள் காம்பராவுக்கும் நடுவில்
கூரையைத் தொடாத சுவர்.
துரைமார் கல் மிச்சம் பிடித்த சுவர்.
அவர் வீட்டுத் தாளிப்பு எங்களுக்குத் தும்மல்.
எங்கள் வீட்டு பல்பு அவர் முகட்டில் பாதி நிலா.
கானு யார் பக்கம் திரும்புவது என்று
ஒரு மழைநாளில் மண்வெட்டியோடு தொடங்கியது.
பிறகு பீலிக்கரையில்கூட வாய் திறந்ததில்லை.
அவர் மகளுக்கு இளைப்பு வந்த இரவுகளில்
இந்தப் பக்கம் படுத்தபடி
அவளுடைய மூச்சை நானும் எண்ணியிருக்கிறேன்.

"யார்றா அது, கொழாயோட?"
தண்ணீர்க் குழாய் திருடுகிறேன் என்று நினைத்திருப்பார்.
ஏழு வருஷத்தில் முதல் வார்த்தை.
"டார்ச்ச அமத்துங்க."
அது என்னுடையது.

அமர்த்தினார்.
நான் ஒரு செடி தள்ளி நின்றேன்.
குனிந்தவருக்கு வெகுநேரம் ஒன்றும் தெரியவில்லை;
மூக்கை உறிஞ்சினார், பிடரியைச் சொறிந்தார்.
வானம் நகர நகரக் குழாயை
விரலால் தள்ளிக்கொடுத்தேன்.
"அதப் பாக்காதீங்க. கொஞ்சம் பக்கத்துல பாருங்க."

"பருப்பு," என்றார்.
"மைசூர்ப் பருப்பு. பக்கத்துல ஒரு குருணை."

"எவ்வளவு தூரம்?"
வெளிச்சம் கிளம்பி ஆறு கோடி வருஷம் என்றேன்.
அப்போது தேயிலை இல்லை, அதற்கு முந்திய கோப்பி இல்லை,
அட்டை கடிக்க ஒரு மனுஷக் கால் இல்லை.
மனப்பாடம் செய்ததையெல்லாம் நான் சொல்லி முடிக்கும்வரை
அவர் கண்ணை எடுக்கவில்லை.
"அது இல்ல.
ரெண்டுக்கும் இடையில எவ்வளவுன்னு கேட்டேன்."

அதை நான் எங்கும் படித்திருக்கவில்லை.
பக்கந்தான் என்றேன்.
பெரிய தொலைநோக்கியில் எடுத்த படத்தில்
சின்னதன் ஓரம் கலைந்து
நூலாய் இழுபட்டுக் கிடக்கும் என்றேன்.
முட்டிக்கொள்ளுமா, சேர்ந்துகொள்ளுமா, தெரியாது.
நம் ஆயுசுக்குள் ஒன்றும் நடக்காது.

"ம்."

பள்ளத்திலிருந்து மூட்டம் ஏறியது.
முதலில் குருணை போனது, பிறகு பருப்பு,
பிறகு பக்கத்தில் நின்ற ஆளின் முகம்.

மறுநாள் பீலியில் வாளியை நிரப்பிக்கொண்டு
பேசாமல் போனார்.
கானு இன்னும் எங்கள் பக்கம்தான் திரும்பியிருக்கிறது.

அப்புறம் பதினான்கு நாள் மழை.
பதினைந்தாம் இரவு, பாயில் சாய்ந்திருந்தபோது
சுவருக்கு மேலிருந்து
வதங்கிய பூண்டு வாசத்தோடு ஒரு குரல் இறங்கியது:
"இன்னைக்கும் மேகமா?"

"மேகந்தான்," என்றேன்
ஓட்டைப் பார்த்து.